முதன்முதலாகச் சொன்னது

அவரிடம் பேசிப் பழகியவர்களுக்கு அப்புறம் வேறு யாரிடமும் பேசப் பிடிக்காமல் போய்விடும். என் மனைவி பாக்கியத்துக்கு அப்படித்தான் ஆயிற்று.

எழுபதுகளின் நடுப்பகுதி. தம்பானூரில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே கொத்து வேலை, பாக்கியத்துக்குச் சித்தாள் வேலை. கரமனை ஆற்றை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில், வள்ளியூர், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் ஓலைக் குடிசைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று எங்களுடையது. வரிசை முடிகிற இடத்தில் முன்பு கொப்பரை போட்டு வைத்திருந்த ஓட்டுக் கொட்டகை ஒன்று உண்டு. அதில்தான் அவர் பள்ளிக்கூடம் நடத்தினார். மணி கிடையாது, வகுப்பு கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்கள் ஆற்றில் கைகால் கழுவிக்கொண்டு நேரே உள்ளே போய் உட்காருவார்கள். சித்தாள் பெண்கள், கிழக்கேகோட்டை ஓட்டல்களில் மாவாட்டுகிறவர்கள், தெரு பெருக்குகிறவர்கள். எல்லாருமே சின்ன வயதில் பள்ளிக்கூடத்தைப் பார்க்காதவர்கள்.

எல்லாருக்கும் அவர் டீச்சர். பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற உரிமை எனக்கு இருந்ததில்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. கரமனை அக்ரகாரத்தில் வீடு. தெரு பெருக்குகிற அம்மாளையும் 'வாங்கோ' என்பார், ஜீப்பில் வருகிற ஆபீசரையும் அதே 'வாங்கோ'தான். தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்பார். காது மந்தம் போல என்று நான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் கொட்டகைக்குப் பின்பக்கம், சுவருக்கு இந்தப் புறம் நின்று பீடி பற்றவைத்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தீக்குச்சி உரசினவர் உள்ள வரலாமே. வெளியில நனைஞ்சுண்டு நிக்க வேண்டாம்."

தூறல்தான் போட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை. தோப்புக்குள் நடந்துவிட்டேன்.

அவர் பாடம் சொல்லித் தருகிற விதம் இதுதான். புத்தகம் கிடையாது. ஒருவரைப் பார்த்து, "சொல்லுங்கோ" என்பார். அந்த ஆள் தன் வாயிலிருந்து எதையாவது சொல்ல வேண்டும். சொன்னதைப் பலகையில் இடது பக்கம் தமிழில் எழுதுவார், வலது பக்கம் அதையே மலையாளத்தில். தமிழ் ஊருக்குக் கடிதம் போட, மலையாளம் பஸ் போர்டு பார்க்க. எழுதியதை எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். அப்புறம் எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்ப்பார்கள். சொன்னவர் யாருடைய உதவியும் இல்லாமல் தன் வரிகளைத் தானே கடைசி வரை வாசிக்கிற நாள் வரை அது பலகையில் இருக்கும். வாசித்து முடித்தால் ஈரத்துணியை எடுத்து அவரே அழிக்கலாம். வேறு யாரும் அழிக்கக் கூடாது, டீச்சர் உட்பட. கொட்டகையின் சுவரெல்லாம் பழைய கதவுப் பலகைகளுக்குக் கரி பூசிச் சாய்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய வார்த்தை.

கல்வி ஆபீசிலிருந்து ஒருவர் ஒரு தடவை முதியோர் பாடப் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து இறக்கினார். நல்ல மனிதர். டீச்சர் முதல் பக்கத்தைப் பிரித்து உரக்க வாசித்தார். பசு பால் தரும் என்று இருந்தது. தெரு பெருக்குகிற செல்லம்மாவிடம், "இதக் கேட்டா என்ன தோணறது?" என்றார்.

"யாரு பசு டீச்சர்?"

"கேட்டேளா சார்? ஆரோட பசுன்னு தெரியாம இவா அடுத்த வரிக்கு வரமாட்டா."

ஆபீசரும் சிரித்துவிட்டார். புத்தகக் கட்டுகளை அவர் திருப்பி எடுத்துப் போகவில்லை. முன்னால் உயரமான ஆள் உட்கார்ந்தால் பலகை மறைகிறது என்று சொல்கிறவர்கள் அந்தக் கட்டுகள் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அந்தப் பாதியை வைத்துக்கொண்டே தமிழ் பேப்பர் வாசிப்பேன். நாலு ஊரில் வேலை பார்த்ததில் மலையாளமும் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். வரிசையில் யாருக்காவது கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். வாசித்துச் சொல்லிவிட்டு, அதில் இல்லாததையும் ரெண்டு வரி சேர்த்துச் சொல்வேன். மாமியார் உன் தங்கமான குணத்தைச் சொல்லி அழுதாளாம் என்பேன். சந்தோஷமாகப் போவார்கள். டீச்சர் வந்த பிறகு அந்தக் கடிதங்கள் என்னிடம் வருவது நின்றது. முதல் எரிச்சல் அங்கே.

பாக்கியம் அந்தக் கொட்டகைக்குப் போனதற்குக் காரணம் ஒரு பஸ். கிழக்கேகோட்டையில் கரமனை பஸ் என்று நினைத்து ஏறி, பேரூர்க்கடை போய் இறங்கி, வழி தெரியாமல் இருட்டின பிறகு வந்து சேர்ந்தாள். மறுநாளே போய் உட்கார்ந்துவிட்டாள். பஸ் போர்டு வாசிக்க எத்தனை நாள் ஆகப்போகிறது, ஒரு மாதத்தில் சலித்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் தங்கையா கொத்தனார் திடீரென்று சிரித்தார். எங்கள் குழுவில் மூத்தவர். அவரும் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒம் பொண்டாட்டி பாடம் படிச்சேன்டே. முழுசும் படிச்சிட்டேன்."

"என்ன பாடம் அண்ணாச்சி?"

அவர் கரண்டியால் சாந்தைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "எனக்கும், அக்காவுக்கும், ஒரே பாவாடை. திங்கக்கிழமை, அக்கா பள்ளிக்கூடம் போவா. செவ்வாக்கிழமை, நான் போவேன். ரெண்டு பேரும், ஒரே பேருதான் சொல்லுவோம். வாத்தியார், எங்களை, ஒரே பிள்ளைன்னு, நெனைச்சிருந்தார். ஒரு நாள், அக்கா படிச்ச பாட்டை, என்னைச் சொல்லச் சொன்னார். அடி விழுந்தது. அதோட, நாங்க, ரெண்டு பேரும் போகல."

சாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கீழே கல் சுமந்துகொண்டிருந்த பாக்கியமும் மேலே பார்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம். இந்தப் பாவாடைக் கதையை நான் கேள்விப்பட்டது சாரத்தில், தங்கையா வாயால்.

அன்று வீட்டில் கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவுக கேட்டாக, சொன்னேன். நீங்க என்னைக்காவது கேட்டியளா?"

"கேட்டாத்தான் சொல்லணுமா? நான் நீ கேட்காமலே எவ்வளவு சொல்லியிருக்கேன்."

"அதான். நீங்க சொல்லிக்கிட்டே இருந்தா நான் எப்பச் சொல்ல?"

அதற்கு மறுநாள் நான் கொட்டகைக்குப் போனேன். படிக்கிறதற்கு அல்ல. டீச்சர் அப்படி என்னதான் கேட்கிறார் என்று பார்க்கத்தான்.

எனக்கு ஒரு கதை உண்டு. அப்பா பனைமட்டையால் அடித்தது, அதே கையோடு நான் வீட்டை விட்டு ரயிலேறியது, தூத்துக்குடி உப்பளம், கொல்லத்தில் ஓட்டுத் தொழிற்சாலை, மூணாறு எஸ்டேட், பம்பாயில் ஆலை கேண்டீன், அங்கே ஒரு குண்டனை நான் அடித்தது. எந்த ஊர் டீக்கடையிலும் அதற்கு ஒரு டீயும் வடையும் கிடைக்கும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் முறை வந்ததும் எடுத்துவிட்டேன். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆனால் சாக்பீஸ் கையிலேயே இருந்தது. ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

"நன்னா சொன்னேள். இத எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேள்?"

"கணக்கில்ல டீச்சர்" என்றேன் பெருமையாக.

"அதான். ஆத்துல கெடந்த கல்லாட்டம் வழவழன்னு இருக்கு. இது எழுத வேண்டாம், போறும். ஆர்கிட்டயும் சொல்லாதது ஒண்ணு இருந்தா அதச் சொல்லுங்கோ."

மாவாட்டுகிற ஆள் ஒருவன் சிரித்தான். எனக்குக் காது சுட்டது.

"அப்படி ஒண்ணும் இல்ல டீச்சர்."

"சாரமில்லை, போகட்டும். இருக்கச்சே வாங்கோ."

அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இதுதான் அவர். வேறு எதைச் சொன்னாலும் இதற்குள்தான் வரும். ஒருவர் ஒன்றை முதன்முதலாகச் சொல்கிறாரா, பழக்கத்தில் சொல்கிறாரா என்று அவருக்குத் தெரிந்துவிடும். முதல் தடவை சொல்கிறவர்களுக்கு அடுத்த வார்த்தை எது என்று தங்களுக்கே தெரியாது, தட்டுத் தடுமாறுவார்கள், அந்தத் தடுமாற்றத்தில் தன் வார்த்தை பலகையில் எழுத்தாக விழுவதைப் பார்த்தால் அந்த எழுத்து சாகிறவரை மறக்காது. இதை அவர் பாக்கியத்திடம் சொன்னாராம். பாக்கியம் என்னிடம் சொன்னாள், தன் சொந்த அறிவு மாதிரி.

அந்த வார்த்தை வருவதற்கு அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார். பின்னால் நானும் கூட இருந்த ஒரு நாள் செல்லம்மா, "எங்க வீட்டுல" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். டீச்சர் அந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு, சாக்பீஸைப் பலகையில் வைத்தபடியே நின்றார். கை இறங்கவில்லை. ஓட்டின் மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். பெண்களுக்கு அடுப்புப் பற்றவைக்கிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் எழுந்து போகத் தைரியம் வரவில்லை. கடைசியில் செல்லம்மா, "கண்ணாடி கெடையாது" என்றாள். அவ்வளவுதான். டீச்சர் அதை எழுதினார். அழவில்லை, ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, மறுநாள் கண்ணாடி வாங்கிக் கொடுக்கவும் இல்லை. "முகம் பாக்கற கண்ணாடியா? அப்போ இத எல்லாரும் வாசிங்கோ" என்றார். எல்லாரும் சேர்ந்து வாசித்தோம். செல்லம்மா பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பேர் சேர்ந்து அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னது அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

எல்லாரையும் பேச வைத்தவர் தன்னைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து விட்டுவிட்டு வந்தார் என்றார்கள். புருஷன் டெல்லியில் என்றும், புருஷனே கிடையாது என்றும் சொன்னார்கள். அக்ரகாரத்தில் சிலர் அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள் என்று தங்கையா சொன்னார். ஒரு தடவை செல்லம்மாவே, "நீங்க சொல்லுங்களேன் டீச்சர், நாங்க எழுதுறோம்" என்று கேட்டாள். "எனக்குத்தான் எழுதத் தெரியுமே" என்று சிரித்து மழுப்பிவிட்டார். எல்லாரும் அதை ரசித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரிடமும் வாங்கி வைத்துக்கொண்டு தன் கையை மூடி வைத்திருக்கிறவரை எப்படி நம்புவது?

வீட்டில் பாக்கியம் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். எதையாவது கேட்டால், "நாளைக்குப் பாடத்துல சொல்லணும்னு வச்சிருக்கேன்" என்பாள். பண்டம் எடுத்து வைக்கிற மாதிரி. எனக்குச் சோறும் குழம்பும், டீச்சருக்கு வார்த்தை. மத்தியானம் சாரத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் உதடு அசையும். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பாள். சாயங்காலம் சொல்லப்போவதை ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவாரே, திட்டு விழட்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். விழவில்லை.

அப்புறம் அந்த அடுப்புப் பாடம் வந்தது. அதையும் தங்கையாதான் முதலில் சொன்னார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"தம்பி, ஒன்னையப் பத்தி எழுதியிருக்குடே. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். கொட்டகையில் அப்போது யாரும் இல்லை, டீச்சர் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கதவுப் பலகை நிறைய எழுதியிருந்தது. "என் வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போவார். நானும் போவேன். போன ஊரில் எல்லாம் களிமண் குழைத்து அடுப்புப் போட்டேன். தூத்துக்குடியில் ஒன்று. கொல்லத்தில் ஒன்று. புனலூரில் ஒன்று காயும் முன்னே கிளம்பச் சொல்லிவிட்டார். எந்த அடுப்பையும் நான் உடைக்கவில்லை. இப்போது அதில் யார் சமைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. புனலூர் அடுப்பில் நான் ஒரு தடவைகூடச் சமைக்கவில்லை."

மூலையில் ஈரத்துணி இருந்தது. எடுத்தேன்.

"அது நீங்க அழிக்கப்படாது" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எம் பொண்டாட்டி, என்னையப் பத்தி எழுதியிருக்கா. ஊரே வாசிக்குது."

"உங்களப் பத்தின்னு நீங்க சொல்றேள். அடுப்பப் பத்தின்னு நான் நெனச்சேன்."

"நான் முழுசும் வாசிச்சுட்டேன். வாசிச்சவங்க அழிக்கலாம்தான?"

"அவா வார்த்தை. அவா வாசிக்கணும், அவா அழிக்கணும். பாக்கியத்துக்கு இன்னும் நாலாவது வரி தாண்டலை. பதுக்கெ, மெதுவா வரும். உங்களுக்கு அவசரம்னா அவாகிட்டப் போய்க் கேளுங்கோ."

துணியைப் போட்டுவிட்டு வந்தேன். பாக்கியத்திடம் கேட்கவில்லை. வேறு ஒன்று செய்தேன். எர்ணாகுளத்தில் பெரிய வேலை நடக்கிறது, ஆள் கேட்கிறார்கள் என்று கண்டிராக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். ஊரை விட்டுக் கிளம்புவது எனக்குக் கைவந்த வேலை. எந்தச் சங்கடம் வந்தாலும் அதுதான் என் மருந்து. பாக்கியம் ஒரு நாளும் மறுத்ததில்லை. நான் சொன்னால் மறுநாள் பாத்திரத்தைச் சாக்கில் கட்டியிருப்பாள்.

"நீங்க போங்க" என்றாள். அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"போங்கன்னா?"

"எனக்குப் பாடம் முடியல. முடிச்சுட்டு வாரேன்."

"அந்தப் பாடத்தை நான் கடுதாசில எழுதித் தாரேன். எர்ணாகுளத்துல வச்சுப் படி."

"நீங்க எழுதுனா அது உங்க பாடம்."

"எத்தனை நாளாகும்?"

"தெரியாது. நீங்க ஒரு ஊருக்குப் போகும்போது எத்தனை நாளுக்குன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கியளா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தீர்க்கிற மாதிரியும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் போனால் இவள் வரமாட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த எண்ணம் எனக்கு வந்ததே இல்லை.

வீம்புக்குக் கிளம்பினேன். ஒரு பையில் ரெண்டு வேட்டி, கரண்டி, தூக்குக்குண்டு. பிற்பகல் வெயில். கொட்டகையைத் தாண்டும்போது டீச்சர் கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டிருந்தார். சும்மா போயிருக்கலாம்.

"எம் பொண்டாட்டியப் பிடிச்சு வச்சுக்கிட்டீங்க டீச்சர்."

"நான் பிடிக்கல்லை. அவா இருக்கா" என்றார். அப்புறம், "தம்பானூருக்குத்தானே? எனக்குச் சாலைக்கடையில சாக்பீஸ் வாங்கணும். வாங்கோ, நடக்கலாம்."

நடந்தோம். கிள்ளிப்பாலம் வந்தபோது கேட்டார்.

"நீங்க ஏன் ஓரிடத்துல நிக்க மாட்டேங்கறேள்?"

"அதுவா. அப்பா பனைமட்டையால..." என்று என் வாய் தானாக ஆரம்பித்தது. அவர் தலையை மட்டும் சாய்த்துக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் வரவில்லை. நானே நிறுத்திவிட்டேன். அவர் காத்திருந்தார். நடந்துகொண்டே எப்படிக் காத்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். அவரால் முடியும். லாரி போகிறது, தள்ளுவண்டிக்காரன் கத்துகிறான், உரம் மூட்டை இறக்குகிறார்கள், இந்தச் சத்தத்துக்கு நடுவில் என் வாயிலிருந்து வரப்போகிற ஒன்றுக்காக ஒரு இடம் காலியாக இருந்தது.

சொன்னேன். அப்பா அடித்தது உண்மை. ஆனால் அன்று நான் ரயிலேறவில்லை. ரயில்வே கேட் வரை போய், ஒரு கோயில் மண்டபத்தில் படுத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். வந்தவன் உள்ளே போகவில்லை. வைக்கோல்போருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா தம்பியிடம், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றவா என்று கேட்டாள். அப்பா ஊறுகாய் கேட்டார். யாரும் என் பேச்சை எடுக்கவில்லை. ஒரே ஒருவர் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேன். தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்கிற வரை நின்றேன். அதற்கப்புறம்தான் ரயிலேறினேன். எந்த ஊரிலும் வேலை பழகி, நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்ததும் எனக்குக் கிளம்பத் தோன்றும். போகாதே என்று யாராவது சொல்லுகிறார்களா என்று பார்ப்பேன்.

இவ்வளவு ஒழுங்காக அன்று சொல்லவில்லை. முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். குழம்பு என்று சொல்ல வந்து அது வாயில் வராமல் ரெண்டு தடவை நின்றேன். என் கதையில் எனக்கே அடுத்த வார்த்தை தெரியாமல் இருந்தது.

சொல்லி முடித்தபோது தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், சாலைக்கடையை நாங்கள் தாண்டி வந்து ரொம்ப நேரமாகியிருந்தது. அவர் சாக்பீஸ் வாங்கவில்லை.

"இது பாக்கியத்துக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"ம்."

போகாதீர்கள் என்று சொல்வார் என்று நின்றேன். பொய் சொல்லவில்லை, நின்றேன்.

"எர்ணாகுளம் பஸ் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிவிட்டு, சாக்பீஸ் வாங்க வந்த வழியே திரும்பி நடந்தார்.

பஸ் கொல்லம் தாண்டுகிற வரை எனக்கு உடம்பு லேசாக இருந்தது. அதற்கப்புறம் எரிய ஆரம்பித்தது. அதுவரை டீச்சர் மேல்தான் எரிச்சல், என் பெண்டாட்டியின் பேச்சைத் தட்டிப் பறித்துக்கொண்டாரே என்று. இப்போது பாக்கியத்தின் மேல். இவ்வளவு நேரம் எனக்குக் கிடைத்தது அவளுக்குத் தினமும் சாயங்காலம் கிடைத்திருக்கிறது. எனக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் பஸ் பிடிக்கப் போகிற வழியில். அவள் அதை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல் அரிசி களைந்துகொண்டிருந்திருக்கிறாள்.

எர்ணாகுளத்தில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. திரும்பி வந்தேன். பாக்கியம் அடுப்பு முன்னால் இருந்தாள்.

"என்ன, வந்துட்டிய?"

"வேலை சரியில்ல."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தட்டு வைத்தாள். மறுநாள் குழாயடியில் அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "என்னைய விட்டு இருக்க முடியல அவருக்கு." சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே ஆற்றில் குளித்துவிட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். டீச்சர், "வாங்கோ" என்றார். எல்லாருக்கும் சொல்கிற அதே வாங்கோ. செல்லம்மாவுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இல்லை. என் முறை வரும்போது நான் ஒன்றும் இல்லை என்று தலையாட்டுவேன். அவரும் அடுத்த ஆளிடம் போவார். கிள்ளிப்பாலத்தில் கேட்டதை அவர் மறந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வரும். மறுபடி ஒரு நாள் சாக்பீஸ் வாங்கக் கூட நடப்பார் என்று நானும் ரெண்டு மூன்று தடவை அவர் கிளம்புகிற நேரம் பார்த்துக் கிளம்பினேன். "இன்னைக்குச் செல்லம்மா கூட வரா" என்பார். இன்னொரு நாள் தங்கையா. அவர் யாருக்கும் சொந்தமாக இருக்கமாட்டார். அந்தக் குணத்தை ஊரில் எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கு அது ஒரு கஞ்சத்தனமாகவே பட்டது.

பாக்கியம் அடுப்புப் பாடத்தை அந்த வருஷ மழைக்காலத்தில் வாசித்து முடித்தாள். நானும் இருந்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வாசித்துவிட்டு ஈரத்துணியால் அழித்தாள். கரித்தண்ணீர் முழங்கையில் ஓடியது. இனி எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்று அன்று ராத்திரி சோறு போடும்போது சொன்னாள். நான் எங்கேயும் கூப்பிடவில்லை. கண்டிராக்டர் மங்களூர் என்றார், கோயம்புத்தூர் என்றார். முடியாது என்றேன். நம்ம ஆளா இது என்று அவர் தங்கையாவிடம் கேட்டாராம். அப்படியே ஓலைக் குடிசை ஓட்டு வீடாயிற்று, நாங்கள் இந்த ஊர்க்காரர்களானோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கொட்டகையை வாங்கியவர் இடித்துவிட்டார். கொஞ்ச காலம் டீச்சர் வீட்டுப் பின்கட்டில் பாடம் நடந்தது. அப்புறம் அவருக்கு உடம்பு முடியாமல் போய், பாலக்காட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்துவிட்டார் என்ற செய்தி எங்களுக்குப் பல நாள் கழித்து, செல்லம்மா மூலம் வந்தது.

பாக்கியம் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். "எங்க டீச்சர்" என்று சொல்லவில்லை. "என் டீச்சர் போயிட்டாகளே" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உன் டீச்சரா? ஊருக்கே டீச்சர்."

"ஊருக்கு டீச்சர்தான். எனக்கு வேற."

"என்ன வேற?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு நா ஆத்துக் கடவுல, குளிக்கிற படியில உக்காந்து எங்கிட்ட ஒண்ணு கேட்டாக. சொன்னேன். பலகையில எழுதல. அவுகளும் ஒண்ணு சொன்னாக, அவுகளப் பத்தி."

"அவங்களா? அவங்களப் பத்தியா? என்ன சொன்னாங்க?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

எவ்வளவோ கேட்டேன். கெஞ்சியும் கேட்டேன், சத்தம் போட்டும் கேட்டேன். இன்று வரை சொல்லவில்லை. தம்பானூர் வரை நடந்ததை நானும் சொல்லவில்லை. சொன்னால் அவளும் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் டீச்சரிடம் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அவளுக்கோ அவர் தன்னையே கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் இருப்பதையும் அவளிடம் கொடுத்துவிட்டு நான் என்ன செய்ய?

இப்போது இதை எழுதிவிட்டேன். பாக்கியம் எதையும் விடாமல் வாசிக்கிறவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து, மெதுவாக வாசிப்பாள். வைக்கோல்போர் வரும் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்ப்பாள். பார்க்கட்டும். அவள் முடிக்கிற வரைக்கும் நான் எழுந்து போகப்போவதில்லை. முடித்ததும், கடவில் உட்கார்ந்து அவர் என்ன சொன்னார் என்று கேட்பேன்.